முதலில் பின்கட்டு

சின்ன லேப் ஒன்றை விலைக்குக் கேட்டுப் போனால் நான் முதலில் கணக்குப் புத்தகம் கேட்பதில்லை. ஃப்ரிட்ஜைத் திறக்கச் சொல்வேன். ரீஏஜென்ட் புட்டிகளின் காலாவதித் தேதியைப் பார்ப்பேன். கருவியைச் சரிபார்க்கும் கண்ட்ரோல் சீரம் இருக்கிறதா, இருந்தால் திறந்த தேதியை மூடியில் எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். பிறகு கதவில் ஒட்டியிருக்கும் வெப்பநிலைத் தாள். முப்பது நாளும் காலை மாலை ‘4’ என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் அந்தத் தாளை மாதக் கடைசியில் ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். 3, 5, 4, ‘கரண்ட் இல்லை’, 9, 6 என்று கலந்துகட்டி இருந்தால் எனக்கு மனம் குளிரும். யாரோ தினமும் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். கீழ்த்தட்டில் யாருடைய தயிர்சாத டப்பாவாவது இருந்தால் தப்புதான், எந்தத் தர ஆய்வாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் அது ஒரு வாரத்தில் திருத்தக்கூடிய தப்பு. ஒரே பேனாவில் நிரப்புகிற பழக்கத்தைத் திருத்த எனக்கு வருஷக்கணக்கில் ஆகியிருக்கிறது.

நான் படித்தது உயிர்வேதியியல். 1996ல் மதுரையில் ஒரு லேபில் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். அந்த லேப் சுற்றுவட்டாரத்தில் கிளை வைத்தது. போகப் போக, புதிதாகக் கிளை வைப்பதைவிட அந்த ஊரில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் லேபை வாங்கிவிடுவது மேல் என்று முதலாளிக்குத் தோன்றியது. விலை பேச ஆடிட்டர் இருந்தார், பத்திரம் எழுத வக்கீல் இருந்தார். வாங்கியதை வீட்டோடு சேர்க்க ஆள் இல்லை. அந்த வேலை என் தலையில் விழுந்தது. பதினைந்து வருஷத்தில் 17 லேப்கள். பத்தை நன்றாகச் சேர்த்தேன் என்று சொல்வேன். நாலு பரவாயில்லை. மூன்றை நினைத்தால் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

பத்திரிகையில் வருவது வேறு உலகம். 2021ல் மெட்ரோபோலிஸ் சென்னையின் ஹைடெக் டயக்னாஸ்டிக் சென்டரை 636 கோடிக்கு வாங்கி முடித்தது. அதே ஆண்டு டாக்டர் லால் பாத்லேப்ஸ் மும்பையின் சபர்பன் டயக்னாஸ்டிக்ஸை 925 கோடி கொடுத்து வாங்கியது. குறித்த இலக்குகளை எட்டினால் மேற்கொண்டு 225 கோடி வரை தருவதாகப் பேச்சு. நாங்கள் லட்சங்களில் பேசுகிறவர்கள். எங்கள் சந்தை தாலுகா ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசை. பெட்டிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே, ‘ரத்தம், சிறுநீர், சளி பரிசோதிக்கப்படும்’ என்று எழுதிய பலகை தொங்கும் இடம். ஆனாலும் கணக்கின் அடிப்படை ஒன்றுதான். சின்ன லேபின் வருஷ லாபத்தைப் போல நாலைந்து மடங்குதான் அதற்கு விலை. அதே லாபம் பெரிய குழுமத்தின் கணக்கில் ஏறிவிட்டால் முதலீட்டாளர் அதற்கு இன்னும் பல மடங்கு மதிப்புப் போடுவார். அதே ரத்தம், அதே ரீஏஜென்ட், அதே ஊர். பேரேடு மட்டும் மாறியதில் மதிப்பு கூடிவிடுகிறது. இந்தத் தொழிலில் பணம் போடுகிறவர்களில் பாதிப் பேர் இதற்காகவே வருகிறார்கள். இதை நான் மறைக்கவில்லை, பெருமைப்படவும் இல்லை. அந்த மதிப்பு நிற்க வேண்டுமானால் வாங்கிய லேப் வாங்கிய பிறகும் ஓட வேண்டும். என் பிழைப்பு அங்கேதான் இருக்கிறது.

ஃப்ரிட்ஜுக்குப் பிறகு கிட் கணக்கு. இதை எனக்கு எந்த ஆடிட்டரும் சொல்லித் தரவில்லை; ரீஏஜென்ட் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் டீக்கடையில் சொன்னது. மாதம் எத்தனை தைராய்டு டெஸ்ட் செய்ததாக லேப் சொல்கிறது என்று குறித்துக்கொள். எத்தனை கிட் வாங்கியது என்று சப்ளையர் பில்லைப் பார். இரண்டும் பொருந்த வேண்டும். ஓர் ஊரில் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் டெஸ்ட் மாதம் 620 என்று ரெஜிஸ்டர் சொன்னது. நூறு டெஸ்ட் கிட், மாதம் நாலு பில். கண்ட்ரோலுக்கும் மறுபரிசோதனைக்கும் போக நானூறுகூடத் தேறாது. மீதி, 220க்கும் மேல், எங்கிருந்து வந்தது? நான் மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். உரிமையாளர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கூரியர் ரசீதுக் கட்டை எடுத்துப் போட்டார். கருவி அடிக்கடி படுத்துக்கொள்வதால் அந்த நாள்களில் சாம்பிளை மதுரைக்கு அனுப்பி, வெளி லேபில் செய்து வாங்கியிருக்கிறார். மனிதர் சுத்தம். லாபம்தான் அவர் நினைத்ததைவிடக் குறைவு. வேறோர் ஊரில் இதே கேள்விக்கு ரசீது வரவில்லை, டீ வந்தது. பிஸ்கட்டும் வந்தது. அந்த லேபை நாங்கள் வாங்கவில்லை.

வேலூர் சிஎம்சி நடத்தும் வெளித்தரக் கணிப்பில் சேர்ந்திருக்கிறார்களா என்றும் கேட்பேன். அங்கிருந்து வரும் சாம்பிளில் என்ன இருக்கிறது என்று லேபுக்குத் தெரியாது. செய்து பார்த்து அனுப்பினால், இதே முறையில் செய்த மற்ற லேப்களோடு ஒப்பிட்டு நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வருஷத்து அறிக்கைகளைக் கோப்பில் வரிசையாக வைத்திருக்கிற லேப் என்றால், சுவரில் என்ஏபிஎல் தர அங்கீகாரச் சான்றிதழ் தொங்காவிட்டாலும் எனக்குப் பரவாயில்லை.

இன்னொரு பொறி, கருவி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பளபளவென்று ஒரு பெரிய அனலைசர் இருக்கும். புதிதாக வாங்க வருகிறவர் அதையும் சொத்துப் பட்டியலில் எழுதிவிடுவார். பெரும்பாலும் அது லேபுக்குச் சொந்தமே இல்லை. கம்பெனி சும்மா வைத்துவிட்டுப் போயிருக்கும். பதிலுக்கு ஐந்து வருஷம், மாதம் இவ்வளவுக்குக் குறையாமல் அவர்களிடமே ரீஏஜென்ட் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தம். லேபை வாங்கினால் கருவி வராது, ஒப்பந்தம் வரும். ஆரம்பத்தில் இதைப் பார்க்காமல் நாங்கள் ஒரு முறை மாட்டிக்கொண்டு, ஓடாத ஒரு கருவிக்கு 14 மாதம் ரீஏஜென்ட் வாங்கினோம்.

இனி விலை. இது சாப்பாட்டு மேசையில் நடக்கும், ஆபீஸில் நடக்காது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு டாக்டர். நோய்க்குறியியல் படித்தவர், வயது 66, லேப் வைத்து முப்பது வருஷத்துக்கு மேல். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில், இருவருக்கும் இதில் நாட்டமில்லை. வீட்டம்மா இலை போட்டு, ரசம்வரை பரிமாறிய பிறகுதான் டாக்டர் வாயைத் திறந்தார்.

“வருஷம் முப்பது லட்சம் நிக்குது தம்பி. ஆடிட்டர் அஞ்சு மடங்குங்கறார். ஒண்ணரைக் கோடி. சரிதானே?”

“டாக்டர், நீங்க சம்பளம் எடுத்துக்கறீங்களா?”

“என் லேப்ல நான் எதுக்குச் சம்பளம் எடுக்கணும்?”

அங்கேதான் பேச்சு சிக்கும். அவர் விலகினால் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட ஒரு டாக்டரை நாங்கள் வைத்தாக வேண்டும். லேப் ரிப்போர்ட்டில் நோய்க்குறியியலில் மேற்படிப்பு முடித்த, பதிவுபெற்ற டாக்டர் கையெழுத்திட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. மாதம் ஒரு லட்சம் என்றால் வருஷம் 12 லட்சம். கட்டடம் அவருடையது, வாடகை எழுதியதே இல்லை. ஊர் நிலவரப்படி மாதம் நாற்பதாயிரம், வருஷம் 4.8 லட்சம். இரண்டையும் கழித்தால் நிற்பது 13.2 லட்சம். ஐந்து மடங்கு 66 லட்சம். நான் இதைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டினேன். டாக்டர் மோரை ஊற்றிக்கொண்டு, பிசையாமலே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷ உழைப்புக்கு ஒரு வெளியாள் சோற்றுக்கு நடுவே பாதிக்கும் குறைவாக விலை சொல்வது எத்தனை முறை செய்தாலும் எனக்குப் பழகவில்லை.

ஆனால் அதே தாளின் மறுபக்கமும் இருக்கிறது. கட்டடம் அவரிடமே இருக்கும், வாடகை இனி மாதாமாதம் வரும். அவரே கன்சல்டன்டாகத் தொடர்ந்தால் அந்த 12 லட்சமும் அவருக்கே. விற்ற பணம் போக வருஷம் 16.8 லட்சம், ரீஏஜென்ட் கடன் இல்லாமல், செல் கவுன்டர் படுத்துக்கொண்டதே என்று ராத்திரி விழிக்காமல். இதை அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது அம்மா வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ரத்தம் எடுக்கிற நம்ம அக்காவுக்கு என்ன தம்பி?”

அக்காவுக்கு அப்போது சர்வீஸ் 19 வருஷம், சம்பளம் 18,000. லேபில் ஆள் 14 பேர், எனவே பணிக்கொடைச் சட்டம் பொருந்தியது. கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷங்களால் பெருக்கினால் ஒரு லட்சத்து 97 ஆயிரத்துச் சொச்சம். டாக்டரின் கணக்குப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது. பெரும்பாலான சின்ன லேப்களில் கிடையாது. ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. கல்யாணம் காட்சி என்றால் கையில் கொடுத்துவிடுவார்கள், அதோடு முடிந்தது என்று நினைப்பு. 14 பேருக்கும் சேர்த்துப் போட்டுப் பார்த்ததில் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. டாக்டர் அதை விலையிலிருந்து கழித்துக்கொள்ளச் சொன்னார். அத்தனை பேரின் பழைய சேர்ந்த தேதியையும் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் ஏற்றி, சர்வீஸ் தொடர்வதாக நாங்கள் எழுதிக் கொடுத்தோம். கடைசியில் விலை 82 லட்சத்தில் நின்றது. 66 எப்படி 82 ஆனது என்று எங்கள் ஆடிட்டர் கேட்டார். அந்த அக்காவுக்காக என்றேன். அவர் அதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளவில்லை.

அக்கா ஊசி போடும் விதத்தை ஒரு நாள் நின்று பார்த்தேன். சர்க்கரை நோயில் நரம்பு ஒளிந்துபோன கிழவி ஒருத்தி. மற்ற இடத்தில் மூன்று முறை குத்தியிருக்கிறார்கள், கை கன்றிப்போயிருந்தது. அக்கா கட்டை இறுக்கவில்லை. முதலில் கிழவியின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, “பேரன் வந்தானா? லீவுக்கு வரேன்னானே” என்று பேசிக்கொண்டே இருந்தாள். கை சூடேறியது. பிறகு மணிக்கட்டுக்கு மேலே, நான் பார்த்தால் ஒன்றுமே தெரியாத இடத்தில், விரல் நுனியால் இரண்டு தட்டு தட்டி, பட்டாம்பூச்சி ஊசியை இறக்கினாள். ஊதா மூடிக் குழாய் நிரம்பும்வரை கிழவி பேரன் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கிழவி வருஷத்துக்கு ஆறு முறை வருவாள். அவள் தெருவே அவளோடு வரும். ஒப்பந்தத்தில் ‘நற்பெயர்’ என்று ஒரு சொல் வரும், அதற்கு ஒரு தொகையும் போட்டிருப்போம். அந்தத் தொகையில் பெரும்பங்கு இந்த இரண்டு விரல்களுக்கு என்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

நற்பெயர் என்றதும் சட்டம் ஞாபகம் வருகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தன் தொழிலைச் செய்யக்கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஒரே விலக்கு, நற்பெயரை விலைக்கு விற்றவர். அவரை மட்டும், நியாயமான எல்லைக்குள், அதே தொழிலை நடத்தக்கூடாது என்று கட்டலாம். இதனால்தான் வக்கீல்கள் நற்பெயரைத் தனியாக விற்றதாக எழுதச் சொல்வார்கள். ஆனால் கட்டுப்படுவது விற்றவர் மட்டும்தான். அக்கா நாளைக்கே எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தால் எந்தப் பிரிவாலும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அவளைத் தக்கவைக்க ஒரே வழி, நல்ல சம்பளமும் மரியாதையும்.

விலையின் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, வருமானம் இவ்வளவு உயர்ந்தால் தருகிறேன் என்பது பெரிய வியாபாரங்களில் வழக்கம். சின்ன லேபில் எனக்கு இது பிடிக்காது. ஒரு முறை செய்தோம். விற்ற மனிதர் இலக்கை எட்டுவதற்காக, காய்ச்சலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ‘ஃபுல் பாடி பேக்கேஜ்’ எழுத ஆரம்பித்துவிட்டார். இலக்கை எட்டினார், பணமும் வாங்கினார். அடுத்த வருஷம் ஊர் எங்களைக் கொள்ளைக்காரன் என்றது. இப்போது நிறுத்திவைக்கும் தொகையை வருமானத்தோடு கட்டுவதில்லை. டாக்டர் இரண்டு வருஷம் கூட இருந்தாரா, முக்கியமான நாலு ஊழியர் தங்கினார்களா என்பதோடு கட்டுகிறேன்.

வரிக் கணக்கில் வராத வருமானத்துக்கும் நான் விலை கொடுப்பதில்லை. “புத்தகத்துல இருக்கிறது பாதிதான் சார்” என்று கண்ணடிப்பவரிடம், அந்தப் பாதிக்குத்தான் விலை என்று சொல்லிவிடுவேன்.

கமிஷன் விஷயம் தனி. பேச யாருக்கும் விருப்பம் இருக்காது. அனுப்புகிற டாக்டருக்குப் போகிற பங்கு, கணக்கில் ‘விளம்பரச் செலவு’ என்றோ ‘இதரச் செலவு’ என்றோ படுத்திருக்கும். நோயாளியை அனுப்பியதற்காக டாக்டர் கமிஷன் வாங்கக்கூடாது என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. நாங்கள் வாங்கிய மறுநாளே நிறுத்திவிடுவோம். முதல் மாதம் வருகை மூன்றில் ஒரு பங்கு விழும், சில இடத்தில் பாதி. வாங்குவதற்கு முன்பே, வருகை விழுந்த பிறகு என்ன நிற்கும் என்று கணக்குப் போட்டு, அதற்குத்தான் விலை சொல்ல வேண்டும். இது தெரியாமல் கமிஷனைச் செலவு மிச்சம் என்று லாபத்தில் கூட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு பக்கமும் ஏமாறினார்கள். ஆனால் ஒன்று, விழுந்ததில் பாதி ஒரு வருஷத்தில் தானாகத் திரும்பி வரும். டாக்டர் அனுப்பாவிட்டாலும் கிழவி அக்காவிடம்தான் வருவாள்.

வாங்கிவிட்டோம், இனி சேர்க்க வேண்டும். என் முறை எங்கள் ஊர்ப் பழைய வீடுகளிலிருந்து வந்தது. முன்கட்டில் திண்ணை, வருகிறவர் போகிறவர், சொந்தபந்தம். பின்கட்டில் குதிர், அடுப்பு, கிணற்றடி. லேபிலும் அப்படித்தான். கவுன்டர், ஊசி, ரிப்போர்ட் கொடுக்கும் கை, ராத்திரி பத்து மணிக்கு டாக்டர் எடுக்கும் போன், இவை முன்கட்டு. கொள்முதல், சம்பளப் பட்டியல், கண்ட்ரோல், சாஃப்ட்வேர், உயிரிமருத்துவக் கழிவு யார் பெயரில் போகிறது என்பது, இவை பின்கட்டு. முதலில் பின்கட்டைச் சேர். அதில் கிடைக்கும் மிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நிஜம். 17 லேபுக்கும் சேர்த்து ரீஏஜென்ட் வாங்கினால் வருகிற விலை தனி லேபுக்குக் கிடைக்கவே கிடைக்காது. தினம் காலையில் கண்ட்ரோல் ஓட்டி, வரைபடத்தில் புள்ளி வைத்து, கோட்டைத் தாண்டினால் ரிப்போர்ட்டை நிறுத்துகிற ஒழுங்கு பல சின்ன லேப்களில் இருந்ததில்லை. நாங்கள் போன பிறகு வந்தது. சின்ன லேப் என்றாலே பொன், பெரியது என்றாலே பேய் என்று எழுதுகிறவர்கள் அந்த ஃப்ரிட்ஜ் கதவுத் தாளைப் பார்த்ததில்லை.

முன்கட்டில் ஒரு வருஷம் கைவைக்கக்கூடாது. வண்ணம் அடிக்கலாம், நாற்காலி மாற்றலாம், அவ்வளவுதான்.

இந்த விதியை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தச் சங்கடமான மூன்றில் ஒன்று சொல்லித் தந்தது. வாங்கிய ஆறாம் மாதம், அங்கே செய்துகொண்டிருந்த வேதியியல் டெஸ்ட்களை மதுரை மைய லேபுக்கு மாற்றினேன். காகிதத்தில் அழகான யோசனை. அனலைசர் ஒன்று போதும், ஆள் இரண்டு மிச்சம். மைய லேபில் பெரிய சென்ட்ரிஃப்யூஜ் இருந்ததால் அங்கிருந்த சின்னதையும் ‘இரட்டைச் சொத்து’ என்று பட்டியலிட்டு வேறு கிளைக்குத் தூக்கிவிட்டேன். காலை ஏழு மணிக்கு எடுத்த ரத்தம் குழாயோடு ஐஸ் பெட்டியில் ஏறி, பஸ்ஸில் வந்து, எங்கள் மேசைக்கு வரும்போது மணி ஒன்று.

பத்தாம் நாள் ஒரு பெரியவருக்குப் பொட்டாசியம் 6.4. இருக்க வேண்டியது 3.5க்கும் 5.1க்கும் நடுவே. இருதயம் நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டிய எண். அவருடைய டாக்டர் பதறி, ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில் 4.3. ரத்த அணு உடைந்திருந்தால் சீரம் சிவந்திருக்கும், பார்த்ததும் ஒதுக்கியிருப்போம். இது தெளிந்த மஞ்சளாகத்தான் இருந்தது. அணு உடையாமலே பொட்டாசியம் வெளியே வர வழியிருக்கிறது. அணுக்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும் பம்பு குளிரில் மந்தமாகிவிடும், உள்ளே இருந்தது மெல்லக் கசிந்து வெளியே வரும். சீரத்தைப் பிரிக்காமல் ஐஸில் வைத்தால் பத்திரம் என்று நாம் நினைப்போம். பொட்டாசியத்துக்கு அது நேர் எதிர். எம்.எஸ்ஸி.யில் படித்த பாடம் இது. பஸ் டைம்டேபிள் போடும்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

அந்த லேபின் டெக்னீஷியன், எனக்கு மூத்தவர், போனில் சத்தம் போடவில்லை. “சுத்த வச்சுப் பிரிச்சு அனுப்பிடுறேன் சார், மெஷினை எடுத்துட்டுப் போகாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேனே” என்றார். சொன்னார்தான். சில ஆயிரம் ரூபாய் சாமான். பெரியவர் வீட்டுக்கு நானே போய் விவரம் சொன்னேன், ஆம்புலன்ஸ் செலவைக் கொடுத்தேன். அவர் மகன் வாங்கிக்கொண்டார், பேசவில்லை. அவருடைய டாக்டர் இரண்டு வருஷம் எங்களுக்கு ஒரு சாம்பிள் அனுப்பவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். பிரித்த பின்னும் பயணம் தாங்காதவை, நாலு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியவை, உள்ளூர் டாக்டர் அரை மணியில் பதில் கேட்பவை. பொட்டாசியம், சர்க்கரை, ஈஎஸ்ஆர், ரத்த அணு எண்ணிக்கை எல்லாம் உள்ளூரிலேயே. தைராய்டு, வைட்டமின், ஹார்மோன் மதுரைக்கு. ஆள் மிச்சம் குறைந்தது. முதலாளி முணுமுணுத்தார். பட்டியலை மாற்றவில்லை.

கருவி மாற்றும்போதும் ஒரு சடங்கு உண்டு. பழைய கருவியைத் தூக்குவதற்கு முன் குறைந்தது 40 சாம்பிளை இரண்டிலும் ஓட்டிப் பார்ப்போம். வித்தியாசம் இருந்தால் ஊர் டாக்டர்களுக்கு முன்கூட்டிக் கடிதம் போகும். இந்தக் கடிதத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. கிரியாட்டினினைப் பழைய ஜாஃபே முறையில் செய்தால் கொஞ்சம் ஏற்றிக் காட்டும், என்சைம் முறையில் இறங்கும். நாங்கள் சொல்லாமல் மாற்றிய ஓர் ஊரில், 1.4ல் இருந்தவருக்கு 1.2 வந்தது. அவர் அந்த மாதம்தான் யாரோ கொடுத்த சூரணம் ஒன்று சாப்பிட ஆரம்பித்திருந்தார். சிறுநீரகம் சரியாகிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லி, சூரண வியாபாரம் சூடுபிடித்துவிட்டது. அதை அடக்க எங்கள் டாக்டர் நாலு கூட்டம் பேச வேண்டியிருந்தது.

கடைசியாகப் பெயர்ப் பலகை. மெட்ரோபோலிஸ் வளர்ந்த காலத்தில் அந்தந்த ஊர் லேபின் பெயரைத் தன் பெயரோடு முடிந்துகொண்டது. சென்னையில் லிஸ்டர் மெட்ரோபோலிஸ், கேரளத்தில் சுதர்மா மெட்ரோபோலிஸ், புனேயில் கோல்வில்கர் மெட்ரோபோலிஸ். புத்திசாலித்தனம். நாங்கள் ஒரு படி மேலே போய்ப் பல ஊர்களில் பழைய பெயரையே வைத்துக்கொண்டு எங்கள் பெயரை எங்கும் போடாமல் இருந்தோம். வியாபாரம் சிந்தாது அல்லவா. பிரிட்டனின் கால்நடை மருத்துவமனைகளைப் பற்றிப் படித்த பிறகுதான் உறுத்தல் வந்தது. 1999க்குப் பிறகு அங்கே கால்நடை மருத்துவர் அல்லாதவர்களும் மருத்துவமனைக்கு உரிமையாளர் ஆகலாம். 2013ல் பத்தில் ஒன்று பெரிய குழுமங்கள் கையில். பத்தே ஆண்டில் ஏறக்குறைய பத்தில் ஆறு. பல இடங்களில் பலகை பழையதுதான். ஒரு டாக்டர் வேண்டாமென்று பக்கத்துத் தெரு டாக்டரிடம் நாயைக் கொண்டுபோகிறவர், அதே முதலாளியிடம்தான் போகிறோம் என்று அறியமாட்டார். அந்நாட்டின் போட்டி, சந்தை ஆணையம் 2023 செப்டம்பரில் ஆய்வைத் தொடங்கியபோது கேட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. ஒரே ஊரில் எதிரெதிரே இரண்டு லேப் எங்களிடம் இருந்த காலத்தில், ஒருவர் இங்கே வந்த ரிப்போர்ட்டை நம்பாமல் அங்கே போய்ச் சரிபார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணா வந்துடுச்சு, இனி நம்பலாம்” என்றார். இரண்டு சாம்பிளும் மதுரையில் ஒரே கருவியில் ஓடியவை. அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது எல்லாப் பலகையிலும் பழைய பெயர் பெரிதாக, கீழே எங்கள் பெயர் படிக்கும் அளவில் இருக்கிறது. ரிப்போர்ட்டின் அடியிலும் டெஸ்ட் எந்த ஊரில் செய்யப்பட்டது என்று அச்சாகிறது.

லேபோ கிளினிக்கோ வைத்து, விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களைப் போன்றவர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்கு முன் ஒரு நோட்டில் உங்கள் ஊழியர்கள் ஒவ்வொருவரும் சேர்ந்த தேதியை எழுதி, அவர்களிடமே காட்டிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். கருவி ஒப்பந்தங்களைத் தேடி எடுத்து முடியும் தேதியைப் பாருங்கள். உங்களுக்கு நீங்களே இரண்டு வருஷமாவது சம்பளமும் வாடகையும் எழுதிப் பாருங்கள். மிச்சம் எவ்வளவு என்று அப்போது தெரியும். வருகிறவர் முதலில் எதைத் திறந்து பார்க்கிறார் என்று கவனியுங்கள். கணக்குப் புத்தகத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பினால், இன்னொருவர் வரும்வரை பொறுங்கள்.